இல்லை என்று சொன்ன தெய்வம்

ஜூலை 7, ஞாயிறு

இல்லை, தோற்றதில் கோபம் இல்லை. பத்து நிமிஷத்தில் தோற்றதில்தான்.

மூன்று வாரம் எழுதினேன். நாற்பது பக்கம். உப்பளம் சூழ்ந்த கடலோர ஊர், ஒரு கலங்கரை விளக்கம், அதன் அடியில் விளக்குக்காரர் செத்துக் கிடக்கிறார். கொன்றது யார்? ஐந்து ஞாயிறு ஓட வேண்டிய கதை. ஹசீனா போண்டாவைக் கடித்துக்கொண்டே முடித்துவிட்டாள்.

நாங்கள் நாலு பேர். மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஒரு கதையை வாயால் ஆடுகிறோம். ஒருவர் கேம் மாஸ்டர். ஊர், மழை, காவலர், பிணம், தெய்வம் எல்லாம் அவர்தான். மற்ற மூவருக்கும் ஆளுக்கொரு பாத்திரம். என்ன செய்கிறோம் என்று அவர்கள் சொல்வார்கள், அது பலிக்குமா என்று இருபது முகம் கொண்ட பகடை சொல்லும், பெரிய எண் விழுந்தால் பலிக்கும். இரண்டு வருஷம் தரணி நடத்தினான். இன்று முதல் நான்.

ஹசீனாவின் பாத்திரம் ஒரு குறிகாரி. அவளிடம் மெய்வட்டம் என்று ஒரு மந்திரம். தரையில் வட்டம் போடுவாள், உள்ளே நிற்பவர் பொய் சொல்ல முடியாது. விதிப் புத்தகத்தில் இருக்கிறது. நான் படிக்கவில்லை. படித்தேன். இப்படி வரும் என்று யோசிக்கவில்லை.

"ஊர்ல எல்லாரையும் வரிசையா நிக்கச் சொல்லு," என்றாள். "ஒவ்வொருத்தரா வட்டத்துக்குள்ள வரட்டும்."

"எல்லாரையுமா?"

"எத்தனை பேரு?"

"நூத்திப் பன்னெண்டு."

"சரி. ஒரே கேள்விதான். விளக்குக்காரரைக் கொன்னது நீயா? ஆமா, இல்லை, அவ்வளவுதான். பேசாம நிக்கிறவங்களைத் தனியா உக்கார வை."

அவள் வக்கீல். சிவில் நீதிபதி தேர்வுக்குப் படிக்கிறாள். ஆகஸ்ட் 3, 4, சென்னையில். போன தடவை நாலு மார்க்கில் போனது. இந்த வீட்டில் என்னோடு இருக்கிறாள், ஹாலில் அவள் புத்தகங்கள், உள்ளறையில் என் புத்தகங்கள்.

பதினேழாவது ஆள் படகு முதலாளி. வட்டத்துக்குள் வந்தார், பேசாமல் நின்றார். கதை முடிந்தது.

"ஏனுங் மேடம், முடிஞ்சுதுங்களா?" என்றான் தரணி. "சட்னியே இன்னும் தீரலீங்."

ஜெபராஜ் திருடன் வேஷம். நாகர்கோவில்காரன், எதற்கும் சிரிப்பான். "மக்கா, நான் இன்னும் கத்தியவே உருவல்லே."

நானும் சிரித்தேன். பாத்திரம் கழுவும்போது ஒரு டம்ளர் உடைந்தது. கை நழுவியது என்று ஹசீனாவிடம் சொன்னேன். நழுவவில்லை.

ஜூலை 8, திங்கள்

பத்தாம் வகுப்பு கைடு. சமூக அறிவியல் விடைகள். காலை முழுவதும் பிழை திருத்தினேன். கேள்வியைப் படிக்காமலே பிள்ளைகள் விடையை மனப்பாடம் செய்வார்கள். அதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

சாப்பாட்டு நேரத்தில் தரணி கூப்பிட்டான். அறிவுரை. நான் கேட்கவில்லை.

"மந்திரத்தைத் தடுக்காதீங். அவ என்ன கேட்டாலும் உண்மையைக் குடுங். ஆனா அந்த உண்மை பத்தாம இருக்கோணும். அடுத்த கேள்வியைக் கேக்க வைக்கோணும்."

"உன் ஆட்டத்துல நீ அப்படியா பண்ணினே?"

"நானு ரெண்டு வருசம் சொதப்பித்தான் கண்டுபுடிச்சேன்."

ரெண்டு வருஷம் சொதப்பியது எங்களுக்குத் தெரியாதாம்.

ஜூலை 10, புதன்

ஆபீஸில் இருந்தபோது போன். புது நம்பர்.

"கொடி, ஹசீனா அத்தா பேசறேம்மா. அவ பக்கத்துல இருக்காளா?"

"இல்லீங்க அத்தா. நான் வேலையில இருக்கேன்."

"அதான் இந்த நேரமாப் பாத்துப் பண்ணேன்."

ஹசீனாவின் அப்பா. கம்பத்தில் அவருக்குத் திராட்சைத் தோட்டம். இரண்டு தடவை போயிருக்கிறேன். என் முழுப்பெயர் செங்கொடி என்று கேட்டதும் விழுந்து விழுந்து சிரித்தார், உங்கப்பா நல்ல தைரியசாலி என்றார். இப்போது மதுரையில் ஆஸ்பத்திரியில் இருக்கிறார். காலில் கம்பி குத்தியிருக்கிறது. சர்க்கரை. கால் கறுத்துவிட்டது.

"முழங்காலுக்குக் கீழ எடுக்கணுங்கறாங்க. பத்தொம்பதாந் தேதி. உசுருக்கு ஒண்ணும் இல்ல. அவகிட்ட மட்டும் சொல்லிறாத. பரிச்சை முடியட்டும்."

"வீடியோல பாக்கணும்னு கேட்டா?"

"போன்ல கேமரா ஒடஞ்சுபோச்சுன்னு சொல்லி வச்சிருக்கேன். கேட்டா நீயும் அதையே சொல்லு. நீ சொன்னா நம்புவா."

சரிங்க அத்தா என்றேன்.

உடனே சொல்லிவிட்டேன். யோசிக்கவே இல்லை.

ஜூலை 11, வியாழன்

எழுதி வைக்கிறேன், பிறகு இதைப் பற்றி எழுத மாட்டேன்.

எம்.ஏ. கடைசி செமஸ்டர். மூன்றாம் தாள் அன்று காலை அப்பா ராஜபாளையத்தில் மில் வாசலில் விழுந்து இறந்தார். ஐந்தாம் தாள் முடிந்த பிறகு சித்தப்பா வந்து ஹாஸ்டல் கேட்டில் நின்றார். நடுவில் ஒன்பது நாள். அந்த ஒன்பது நாளில் நான் ஒரு பிறந்தநாள் கேக் சாப்பிட்டேன். தலைக்கு மருதாணி போட்டேன். அப்பாவுக்கு மூன்று தடவை போன் செய்து, அவர் எடுக்கவில்லை என்று திட்டி மெசேஜ் அனுப்பினேன்.

அவர் மேல் சங்கக் கொடி போர்த்தி ஊர்வலம் போனதாம். தோழர்கள் வீடியோ எடுத்து வைத்திருக்கிறார்கள்.

சித்தப்பாவோடு இரண்டு வருஷமாகப் பேச்சு இல்லை.

அது வேறு. அப்பா செத்துப்போனார். இவர் உயிரோடு இருக்கிறார், இவரே கேட்டுக்கொள்கிறார். அவர் கால், அவர் செய்தி. அது வேறு, இது வேறு.

ஜூலை 14, ஞாயிறு

இரண்டாவது ஆட்டம். இந்தத் தடவை தயாராகத்தான் உட்கார்ந்தேன்.

படகு முதலாளி கூலிக்குச் செய்தவர், ஏவியது வேறு ஆள் என்று கதையை நீட்டினேன். ஏவியவரின் விரலில் ஒரு ஈய மோதிரம். அதைப் போட்டிருந்தால் மெய்வட்டம் பலிக்காது. விளக்குக்காரரின் பிணத்தில் நாக்கு இல்லை, ஆகவே பிணத்தோடு பேசும் மந்திரம் பலிக்காது. குறி பார்க்கும் கிண்ணத்தில் மூடுபனி.

கல்யாணப் பத்திரிகை அட்டைகளை ஒட்டி ஒரு தட்டி செய்திருக்கிறேன். என் குறிப்புகளும் பகடையும் அதற்குப் பின்னால். எனக்கு மட்டும் தெரியும். மூன்று பேரும் தட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நன்றாக இருந்தது, கொஞ்ச நேரம்.

"மக்கா, என்ன ஊருடே இது," என்றான் ஜெபராஜ். "செத்தவனுக்கு நாக்கு இல்ல, இருக்கவனுக்கு மோதிரம் இருக்கு. ஒரு பயலும் ஒண்ணும் சொல்லமாட்டான்."

ஹசீனா சிரிக்கவில்லை. கிண்ணத்தில் மூன்றாவது தடவை மூடுபனி வந்ததும் பகடையை வைத்துவிட்டாள்.

"இந்தச் சக்தியை யார் குடுத்தா?"

"விதிப் புத்தகம்."

"நீ ஒத்துக்கிட்டல்ல? குறிகாரி எடுத்துக்கிறேன்னு சொன்னேன், சரின்னே. குடுத்துட்டு இப்ப ஒண்ணொண்ணா புடுங்குறே. அதுக்கு மொதல்லயே முடியாதுன்னு சொல்லிருக்கலாம். நான் கத்தி எடுத்திருப்பேன்."

"எல்லாத்தையும் உடனே தெரிஞ்சுக்கணும் உனக்கு. பொறுமை கிடையாது."

"பொறுமையா? கேட்டா பதில் சொல்றதுக்கு எதுக்குடி பொறுமை?"

"ஏனுங், டீ வெக்கட்டுங்களா?" என்று தரணி எழுந்தான். யாரும் வேண்டும் என்று சொல்லவில்லை. அவன் போய் வைத்தான்.

ஆட்டம் பாதியில் நின்றது. என் கதையை எனக்கு இஷ்டப்படி நடத்தக்கூட உரிமை இல்லையா? மூன்று வாரம். நாற்பது பக்கம்.

ஜூலை 16, செவ்வாய்

இரண்டு நாள் பேசவில்லை. இன்று அவளே பேசினாள். பூண்டு உரித்துக்கொண்டிருந்தோம். வெளியே ஆடிக் காற்று, பக்கத்து வீட்டுத் தகரம் அடித்துக்கொண்டே இருந்தது.

"அத்தா ஏன் வீடியோல வரமாட்டேங்கிறாரு?"

"கேமரா போயிடுச்சுன்னார்ல."

"உங்கிட்டயா சொன்னாரு?"

"நீதான் சொன்னே."

"சொன்னேனா?"

உரித்த பூண்டைக் கழுவப் போனேன். பூண்டைக் கழுவத் தேவையில்லை.

"அம்மா போனை வாங்கிப் பேசலாம்ல," என்றாள் பின்னால். கேள்வி போல இல்லை. பிறகு சாட்சியச் சட்டம் நோட்டை எடுத்துக்கொண்டு ஹாலுக்குப் போய் உரக்கப் படிக்க ஆரம்பித்தாள். அவள் உரக்கப் படித்தால் எனக்குத் தலைவலி. இன்று ஒன்றும் சொல்லவில்லை.

ஜூலை 17, புதன்

மொஹரம், லீவு. நாற்பது பக்கத்தையும் கிழித்தேன்.

தரணி சொன்னது சரி என்பதுதான் எரிச்சல். மோதிரத்தைக் கடலில் போட்டாகிவிட்டது. நாக்கு திரும்ப வந்துவிட்டது. மெய்வட்டம் எல்லாரிடமும் பலிக்கும். அப்படியும் புதிர் நிற்க வேண்டும். எப்படி?

யாரும் கொல்லவில்லை என்றால்?

புதுக் கதை: விளக்குக்காரரின் மகள் படகில் போனாள், படகு முழுகியது. ஊர் முழுவதற்கும் தெரியும். அவரிடம் மட்டும் சொல்லவில்லை. சொன்னால் விளக்கை ஏற்றாமல் உட்கார்ந்துவிடுவார், மற்றப் படகுகள் பாறையில் மோதும், பருவம் முடியட்டும் என்று விட்டுவிட்டார்கள். அவர் தினமும் மகளுக்காக விளக்கு ஏற்றினார். ஒரு நாள் தானாகத் தெரிந்துகொண்டார், பாறைக்கு இறங்கிப் போனார், செத்தார். நூற்றுப் பன்னிரண்டு பேரையும் வட்டத்தில் நிறுத்திக் கேட்டாலும் இல்லை, நான் கொல்லவில்லை என்பார்கள். உண்மை. சரியான கேள்வியைக் கேட்டால்தான் உடையும்.

மூன்று மணி நேரத்தில் எழுதிவிட்டேன். எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. நல்ல கதை.

ஜூலை 19, வெள்ளி

அத்தாவின் காலை எடுத்துவிட்டார்கள். ஹசீனாவின் அண்ணன் நிஜாம் போன் செய்தார். நான் பாத்ரூமுக்குள் நின்று பேசினேன். வெளியே வந்தேன். ஹசீனா தோசை ஊற்றிக்கொண்டிருந்தாள். இரண்டு சாப்பிட்டேன்.

ஜூலை 20, சனி

துணி துவைத்தேன். மழை. காயவில்லை.

ஜூலை 21, ஞாயிறு

வரிசையாக எழுத வேண்டும். இல்லையென்றால் எனக்குச் சாதகமாக மாற்றிக்கொள்வேன்.

ஆட்டம் மூன்று மணிக்கு ஆரம்பித்தது. போன வாரத்துக்கு மன்னிப்புக் கேட்டேன், கதையைப் பிணம் கிடக்கும் இடத்திலிருந்தே புதிதாகத் தொடங்கலாம் என்றேன். ஹசீனா என்னை ஒரு தரம் பார்த்து, "நாக்கு இருக்கா?" என்றாள். இருக்கிறது என்றேன். சிரித்தாள்.

ஜெபராஜ் முதல் வேலையாக ஒரு துண்டுச் சீட்டை எழுதித் தட்டிக்கு மேலே நீட்டினான். இது வழக்கம்தான், மற்றவர்களுக்குத் தெரியாமல் ஏதாவது செய்ய வேண்டுமென்றால் சீட்டு. "பிணத்தின் சட்டைப்பையில் இருப்பதை எடுத்துக்கொள்கிறேன். யாருக்கும் சொல்லாதே." பையில் மகளின் பழைய கடிதம். நான் அதன் வாசகத்தை எழுதி அவனுக்குத் திருப்பிக் கொடுத்தேன். 'மேற்குப் படியில் இனிக் கால் வைக்காதீர்கள் அப்பா, உளுத்துவிட்டது.'

பிறகு ஒன்றரை மணி நேரம் ஆடினோம். நான் இதுவரை பார்த்த எந்த ஆட்டமும் இப்படி இருந்ததில்லை. வட்டம் போட்டாள். கேட்டாள். எல்லாரும் உண்மை சொன்னார்கள். தரணி தன் போர்வீரன் பாத்திரத்தை மறந்து நாற்காலி நுனிக்கு வந்துவிட்டான். "கொன்னது யாருன்னு கேக்காதீங், அவருகிட்ட கடைசியாப் பேசுனது யாருன்னு கேளுங்," என்று அவளுக்கு எடுத்துக் கொடுத்தான். மீன்காரி வட்டத்தில் நின்று அழுதாள். நான்தான் மீன்காரி. குரல் எனக்கே நடுங்கியது. அவர்கள் நடிப்பு என்று நினைத்தார்கள்.

"சொல்லலைன்னா அவரு நல்லா இருப்பாருன்னு நெனச்சோம்," என்று மீன்காரி சொன்னாள்.

"யார் நெனச்சது?" என்று கேட்டாள் ஹசீனா. "பேரைச் சொல்லு. எல்லாரும்னு சொல்லாதே."

பாறைக்கு இறங்கும் முன் குறிகாரி தன் பெரிய மந்திரத்தை எடுத்தாள். மூன்று கேள்வி. தெய்வத்திடம் நேரே கேட்கலாம், ஆமாம் அல்லது இல்லை என்று பதில் வரும். பதில் பொய்யாக இருக்கக் கூடாது. இந்த ஆட்டத்தில் கேம் மாஸ்டர் எதை வேண்டுமானாலும் மறைக்கலாம். இந்த மூன்றில் முடியாது. தெய்வம் நான்தான்.

"மக செத்துட்டான்னு அவருக்குத் தெரிஞ்சுதா?"

ஆமாம்.

"அது தெரிஞ்சதாலதான் செத்தாரா?"

இல்லை, என்றேன். உண்மை. படியில் வழுக்கித்தான் செத்தார். அவள் புருவத்தைச் சுருக்கி எழுதிக்கொண்டாள்.

மூன்றாவதற்கு நேரம் எடுத்தாள். பேனாவை மூடித் திறந்தாள்.

"என்கூட இருக்கிறவங்க யாராவது, எனக்குத் தெரிய வேண்டிய ஒண்ணை எங்கிட்டேருந்து மறைக்கிறாங்களா?"

ஆமாம் என்பதுதான் பதில். ஜெபராஜிடம் கடிதம் இருக்கிறது. விதிப்படி ஆமாம், கதைக்கும் ஆமாம்தான் வசதி. அவள் திரும்பி அவனைப் பார்ப்பாள், அவன் விழிப்பான், கடிதம் வெளியே வரும், எல்லாரும் கத்துவார்கள். எல்லாம் தயார்.

"இல்லை," என்றேன்.

அவள் தலையாட்டினாள். "அப்ப சரி. மேற்குப் படி வழியா எறங்குறேன். முன்னாடி நான் போறேன்."

பகடையை உருட்டினாள். இரண்டு விழுந்தது.

குறிகாரி விழுந்து செத்தாள். நான்தான் அதையும் சொல்ல வேண்டியிருந்தது. எத்தனை படி, எந்தப் பாறை.

ஜெபராஜ் கையிலிருந்த கடிதத்தை மேசைமேல் வைத்தான். அவன் முகத்தில் சிரிப்பே இல்லை.

"ஆமான்னுல்லா வரணும்? வந்த ஒடனே எடுத்துக் குடுக்கலாம்னு கையில வச்சிட்டு இருக்கேன் பிள்ளே. நீ இல்லன்னுட்ட."

தரணி கடிதத்தைப் படித்தான். என்னைப் பார்த்தான். இந்தத் தடவை மேடம் என்று கூப்பிடவில்லை.

"மந்திரத்துல பொய் சொல்லிட்டியா கொடி?"

"தப்பாச் சொல்லிட்டேன். மறந்துட்டேன்."

"சீட்டை நீதானே எழுதிக் குடுத்தே?"

மறந்துட்டேன் என்று மறுபடியும் சொன்னேன். சத்தமாக. ஒரு விளையாட்டுக்கு எதற்கு இவ்வளவு, வேண்டுமென்றால் குறிகாரியைப் பிழைக்க வைக்கிறேன், இன்னொரு தடவை உருட்டு என்று கத்தினேன். தட்டியை நானே தள்ளிவிட்டேன் போலிருக்கிறது, கீழே கிடந்தது.

ஹசீனா கத்தவில்லை. செத்த பாத்திரத்தின் தாளை நாலாக மடித்தாள். "வேண்டாம்," என்றாள். அவ்வளவுதான்.

ஜூலை 22, திங்கள்

காலை ஏழு மணி. நான் பால் காய்ச்சிக்கொண்டிருந்தேன். அவள் சமையலறை வாசலில் வந்து நின்றாள். குளித்துவிட்டு, வெளியே போகிற சுடிதாரில்.

"எனக்கு ஒண்ணு புரியலை கொடி. கதைக்கு ஆமாதான் வேணும். தரணியும் அதான் சொல்றான். நீ மறக்கிற ஆளு கெடையாது, பக்கத்து வீட்டுக்காரங்க பால் கணக்கு வரைக்கும் ஞாபகம் வச்சிருக்கே. அப்ப நீ இல்லைன்னது கதைக்காக இல்ல."

பால் பொங்கியது. அணைத்தேன்.

"நான் ஜெபாவைத்தான் நெனச்சுக் கேட்டேன். நீ வேற எதையோ நெனச்சுப் பதில் சொன்னே."

"ஹசீனா, பரீட்சை முடியட்டும்…"

அந்த வார்த்தை என் வாயிலிருந்து வந்தது. நான் கேட்டேன் அதை. சித்தப்பா ஹாஸ்டல் கேட்டில் நின்று சொன்ன அதே வார்த்தை: பரீட்சை முடியட்டும்னுதான்மா.

அவள் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"அத்தாவா?"

"ஆமா."

"உயிரோட இருக்காரா?"

"இருக்காரு. சத்தியமா இருக்காரு. மதுரையில. கால எடுத்துட்டாங்க, வெள்ளிக்கிழமை, முழங்காலுக்குக் கீழ. நல்லா இருக்காரு. அவர்தான் சொல்ல வேண்டாம்னாரு."

"உனக்கு எப்பத் தெரியும்?"

"பத்தாந் தேதி."

விரல் விட்டு எண்ணினாள். நானும் பார்த்துக்கொண்டே நின்றேன். பன்னிரண்டு வந்தது.

"பன்னெண்டு நாளு," என்றாள். "ஆபரேஷனுக்கு முன்னாடி ஒம்பது நாள் இருந்திருக்கு. கால் இருக்கிறப்பவே போயி உக்காந்திருப்பேன். அமுக்கி விட்டிருப்பேன்."

"பரீட்சை போயிடும்னு…"

"எத்தனை பேருக்குத் தெரியும்? அம்மா, அண்ணன், அண்ணி, நீ. நாலு பேரும் சேந்து எனக்குப் பரிச்சை எழுதறீங்களா?" அப்போதுதான் குரல் உயர்ந்தது. "அவங்களை விடு. அவங்களுக்குத் தெரியாது. வீட்டுல எல்லாரும் இப்படித்தான். உனக்குத் தெரியும்லடி. எப்படி இருக்கும்னு உனக்கு மட்டும்தான் தெரியும். ராத்திரி ராத்திரி உக்காந்து நீ உங்க சித்தப்பாவைத் திட்டினதையெல்லாம் கேட்டவ நான்."

பால் பாத்திரத்தை இறக்கி வைத்தேன்.

பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். சிங்காநல்லூர் பஸ் ஸ்டாண்டு வரை வருகிறேன் என்றேன். வராதே என்றாள்.

புத்தகம் ஒன்றும் எடுத்துப் போகவில்லை.

ஜூலை 23, செவ்வாய்

அத்தா போன் செய்தார். திட்டவில்லை. "நம்பிச் சொன்னேனேம்மா," என்றார். பின்னால் ஹசீனா யாரையோ அதட்டும் சத்தம் கேட்டது. நர்ஸையாக இருக்கும். "ஒரு நிமிசம் உக்கார மாட்டேங்குறா," என்றார். குரலில் ஒரு பெருமை இருந்தது போலத் தோன்றியது. வைத்துவிட்டார்.

எல்லாருக்கும் என் மேல் கோபம். சொன்னதற்கு ஒருவருக்கு, சொல்லாததற்கு ஒருவருக்கு. எனக்கும்தான். ஆனால் என் கோபத்தை யாரிடம் கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை. கைடு திருத்தினேன். ஒரு பக்கம் முழுக்கத் தவறான விடைகளைச் சரி என்று விட்டிருக்கிறேன், ஆபீஸ் மேடம் கண்டுபிடித்துவிட்டார்கள்.

ஜூலை 25, வியாழன்

அம்மாவுக்குப் போன் செய்தேன். வழக்கமாக ஞாயிறுதான் செய்வேன்.

"என்னடி, ஒடம்பு சரியில்லையா?"

"அப்பா செத்தப்ப எங்கிட்டச் சொல்ல வேண்டாம்னு முடிவு பண்ணினது யாரு?"

அந்தப் பக்கம் டி.வி. சத்தம் நின்றது.

"இப்ப எதுக்கு அது?"

"பேரைச் சொல்லுங்கம்மா. எல்லாரும்னு சொல்லாதீங்க."

"நாந்தான்."

"சித்தப்பா…"

"அவரு அன்னிக்கே காரெடுத்துட்டுக் கெளம்பிட்டாரு. நாந்தான் சாவியப் புடுங்கி வச்சேன். அவ வந்தா பரிச்சை போயிரும்னேன். அதுவும் இல்ல." நிறுத்தினாள். "நீ அழுறத என்னால பாக்க முடியாதுன்னு தோணிச்சு. என் அழுகையே எனக்குப் பத்தல. ஒருத்தியாவது எங்கயோ ஒழுங்காச் சாப்பிட்டுத் தூங்கறாளேன்னு நெனச்சுக்கிட்டேன். அது எனக்குத் தெம்பா இருந்துச்சு."

"ரெண்டு வருஷமா நான் சித்தப்பாகிட்டப் பேசலை."

"தெரியும்."

"நீங்க ஒரு வார்த்தை சொல்லலை."

"அவருதான் சொல்ல வேண்டாம்னாரு. எம்மேல இருக்கட்டும் மதினி, உங்கமேல கோவிச்சிக்கிட்டா நீங்க தாங்க மாட்டீங்கன்னாரு."

வைத்துவிடுகிறேன் என்று சொன்னேன். வைத்துவிட்டேன். வீட்டில் யாரும் இல்லை. சத்தமாகக் கெட்ட வார்த்தை சொன்னேன், நாலைந்து. யாரைச் சொன்னேன் என்று எழுத மாட்டேன்.

ஜூலை 28, ஞாயிறு

தரணியும் ஜெபராஜும் வந்தார்கள். ஆட வரவில்லை. மூன்று பேரும் மேசையில் உட்கார்ந்தோம். ஜெபராஜ் ஹசீனாவோடு போனில் பேசியிருக்கிறான். அத்தாவுக்குத் தையல் பிரிக்க இன்னும் நாள் ஆகுமாம்.

"பரீட்சை எழுதுவாளா?"

"கேட்டேன். ஒனக்கு எதுக்குன்னா."

"ஏனுங்," என்றான் தரணி, டீயைப் பார்த்துக்கொண்டே, "என் ஆட்டத்துல மூணு கேள்வி மந்திரமே இல்ல, கவனிச்சீங்களா? நானு புத்தகத்துல அந்தப் பக்கத்தையே மறைச்சு வெச்சுட்டேன். பயம். எவனாவது வேற எதையாச்சும் கேட்டுப்போட்டான்னா?"

"மக்கா, அதையும் இப்பத்தான் சொல்லுதியா?" என்றான் ஜெபராஜ். "நல்ல கூட்டம்டே."

நான் சிரித்துவிட்டேன். பிறகு நிறுத்த முடியவில்லை. அவர்கள் பயந்து தண்ணீர் கொண்டுவந்தார்கள்.

ஜூலை 29, திங்கள்

மாலையில் ஹசீனாவிடமிருந்து மெசேஜ்.

"சாட்சியச் சட்டம் நோட்டு (நீல அட்டை). உரிமையியல் நடைமுறை, ரெண்டு வால்யூம். ஹால் டிக்கெட் அலமாரியில் சேலைக்கு அடியில். மதுரை அட்ரஸ் அனுப்பறேன். கூரியர் போடு. நீ கொண்டு வராதே."

எழுதப் போகிறாள்.

மன்னிப்பு என்று தொடங்கி நாலு வரி அடித்தேன். அனுப்பவில்லை. சரி என்று மட்டும் அனுப்பினேன். நீல அட்டை நோட்டின் ஓரங்களில் அவள் கேள்விகளாக எழுதி வைத்திருக்கிறாள், பக்கத்துக்குப் பக்கம். பதில் இருக்கும் இடத்திலும்.

ஜூலை 30, செவ்வாய்

ஐந்தரைக்கு எழுந்து ஒரு தாள் எழுதினேன். அவளுக்கு. பத்தாம் தேதி புதன் காலை பதினொன்றரைக்கு அத்தா கூப்பிட்டதிலிருந்து இருபத்திரண்டாம் தேதி காலை வரை. எந்த நாள் யார் என்ன சொன்னார்கள், நான் என்ன சொன்னேன், அப்போது அவள் என்ன செய்துகொண்டிருந்தாள். தெரிந்தது எல்லாம். காரணம் எழுதவில்லை, அவள் கேட்கவில்லை. ஒரே ஒரு வரி மட்டும் கடைசியில்: 'உனக்குத் தெரியாதது எனக்குத் தெரியும் என்பது சில நாள் எனக்குப் பிடித்திருந்தது.' இரண்டு தடவை அதைக் கோடிட்டு அடித்தேன். புதுத் தாள் எடுத்து எல்லாவற்றையும் திரும்ப எழுதினேன், அந்த வரியோடு.

படித்துவிட்டு அவள் இந்த வீட்டுக்குத் திரும்பாமல் போகலாம். ஞாயிறுகளும் போகலாம். பரீட்சைக்கு முன்னால் இதை அனுப்பலாமா, முடிந்த பிறகு அனுப்பலாமா என்று அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு அதை யார் முடிவு செய்வது என்று பார்த்தேன். உறையில் போட்டு ஒட்டினேன். மேலே எழுதினேன்: 'உனக்குத் தெரிய வேண்டியது. எப்போது பிரிப்பது என்பது உன் இஷ்டம்.'

நோட்டு, இரண்டு வால்யூம், ஹால் டிக்கெட், உறை. கூரியர் கடை ஒன்பதரைக்குத் திறந்தது. அனுப்பிவிட்டு, ரசீதைப் படம் எடுத்து அவளுக்கு அனுப்பினேன். பிறகு வேலைக்குப் போனேன்.